ரோஷ்ஃபோர் விலை போனாரா?

பிப்ரவரி 6, காலை

முதலில் கேள்வி. வாசகர் ஒருவர் எழுதியது, அப்படியே ஒட்டுகிறேன்:

“அண்ணா, ஓர்சே அருங்காட்சியகத்தில் மனே வரைந்த ஒரு படம் பார்த்தேன். நடுக்கடலில் சின்னப் படகு. ரோஷ்ஃபோர் என்கிற பத்திரிகையாளர் தீவுச் சிறையிலிருந்து தப்பிப் போகிறார். பெரிய புரட்சிக்காரர் போலிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தேடினால், இதே ஆள்தான் பின்னாளில், ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக ஒரு யூத கேப்டனைத் தவறாகத் தண்டித்த டிரேஃபஸ் வழக்கில் ராணுவத்தின் பக்கம் நின்று யூதர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார். இடையில் என்ன ஆயிற்று? விலை போய்விட்டாரா?”

பிப்ரவரி 6, இரவு

இல்லை தம்பி. காசு வாங்கிக்கொண்டு கட்சி மாறினார் என்றால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆன்ரி ரோஷ்ஃபோர் மாறவே இல்லை என்பதுதான் என் கட்சி. நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவரை அடிப்பது, அதுவும் சிரிக்க வைத்து அடிப்பது. 1868-லும் அதுதான் தொழில், 1898-லும் அதுதான் தொழில். நாற்காலியில் இருந்தவர்கள்தான் மாறிக்கொண்டே போனார்கள்.

நான் ஒரு காலத்தில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே கேள்வி-பதில் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பக்கம் வந்தால் அச்சுக்கோப்பவரிலிருந்து எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் படித்துச் சிரிப்போம். ஆட்சி மாறியது, அவர் ஆதரித்தவர்களே வந்தார்கள், அடுத்த வாரமே அவர்களையும் கிழித்தார். சபாஷ் என்றோம். அப்புறம் மேலே திட்ட ஆள் கிடைக்காத வாரங்கள் வந்தன. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மனிதரைக்கூட விட்டுவைக்கவில்லை. நடை அதே நடை, வேகம் அதே வேகம். ரோஷ்ஃபோரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மீதியை நாளைக்கோ மறுநாளோ எழுதுகிறேன்.

பிப்ரவரி 8

பிறப்பு 1831, பாரிஸ். பிரபு குடும்பம். முழுப்பெயரோடு மார்க்கி பட்டமும் உண்டு. ஆனால் சொத்து பிரெஞ்சுப் புரட்சியிலேயே போய்விட்டது. அப்பா மன்னராட்சி விசுவாசி, பிழைப்புக்கு மேடைக்கு இலேசான நகைச்சுவை நாடகங்கள் எழுதினார். பிள்ளை பாரிஸ் நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், வேலை நேரத்தில் அவரும் நாடகம் எழுதினார். அப்புறம் ‘ஷாரிவாரி’ என்ற கேலிப் பத்திரிகை, அங்கிருந்து ‘ஃபிகாரோ’. அரசாங்கத்தின் நெருக்கடி தாங்காமல் ஃபிகாரோவை விட்டு வெளியே வரவேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து 1868 மே மாதம் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பத்திரிகைச் சட்டத்தைத் தளர்த்தினார். அதுவரை புதுப் பத்திரிகை தொடங்க முன் அனுமதி வேண்டும். இனி அறிவித்தால் போதும். முத்திரை வரி, ஜாமீன் தொகை எல்லாம் அப்படியே இருந்தன, இருந்தாலும் கதவு திறந்துவிட்டது. அந்த மாத முடிவிலேயே ரோஷ்ஃபோரின் ‘லாந்தர்’ வந்துவிட்டது. சின்ன அளவு, சிவப்பு அட்டை, வாரம் ஒரு முறை, விலை 40 சாந்தீம். முழுவதும் ஒரே ஆள் எழுதியது. முதல் இதழே ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று.

பிப்ரவரி 9

“அப்படி என்ன எழுதிவிட்டார்?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, மாதிரிக்கு.

முதல் வரி: பேரரசின் பஞ்சாங்கக் கணக்குப்படி பிரான்சில் மூன்று கோடியே அறுபது லட்சம் குடிகள், மனக்குறைகளைச் சேர்க்காமல். பிரெஞ்சில் குடிக்கும் குறைக்கும் ஒரே சொல் வருவதால் அடி இன்னும் பலமாக விழும்.

இன்னொன்று. பாரீ என்ற சிற்பியிடம் பேரரசர் குதிரை மேல் அமர்ந்த சிலையை அரசாங்கம் செய்யச் சொல்லியிருக்கிறதாம். பாரீ மிருகங்களைச் செதுக்குவதில் நாட்டிலேயே பெயர் பெற்றவர் என்பது அனைவருக்கும் தெரியும், என்று அடுத்த வரி. அவ்வளவுதான். இதற்கு எந்த அரசு வழக்கறிஞர் வழக்குப் போடுவார்? போட்டால் பேரரசர் மிருகமா குதிரை மிருகமா என்று நீதிமன்றத்தில் நின்று விவாதிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் நெப்போலியன் பத்தி. நான் பக்கா போனபார்ட்காரன், ஆனால் என் விருப்பம் இரண்டாம் நெப்போலியன் என்கிறார். ஆகா, என்ன ஆட்சி ஐயா அது! வரி கிடையாது, வீண் யுத்தம் கிடையாது, அரண்மனைச் செலவு கிடையாது. விஷயம் என்னவென்றால் அந்த இரண்டாம் நெப்போலியன் நாட்டை ஆளவே இல்லை. சின்ன வயதில் வியன்னாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே 21 வயதில் இறந்தவர். ஆனாலும் மருமகனுக்கு ‘மூன்றாம்’ பட்டம் வேண்டுமென்றால் இரண்டாமவர் ஆண்டதாகக் கணக்குக் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கின் மேல் கை வைத்தார்.

பிப்ரவரி 9, மீண்டும்

மருமகன் என்று யாரையோ குழப்பிவிட்டது போலிருக்கிறது. மூன்றாம் நெப்போலியன், முதலாமவருடைய தம்பி மகன். நம் முறைப்படி மகன்தான். இரண்டாமவருக்கு அவர் ஒன்றுவிட்ட சகோதரர். போதுமா?

பிப்ரவரி 12

11-ஆம் இதழைப் பறிமுதல் செய்தார்கள். ரோஷ்ஃபோர் பிரஸ்ஸல்ஸுக்கு ஓடினார். பின்னாலேயே சிறைத் தண்டனையும் 10,000 ஃபிராங்க் அபராதமும் வந்தன. அங்கே அடைக்கலம் கொடுத்தது யார்? விக்டர் ஹ்யூகோ குடும்பம். ‘லாந்தர்’ அங்கிருந்து அச்சாகி எல்லை தாண்டி வந்தது. பேரரசரின் மார்பளவுச் சிலைகளைப் பொள்ளலாகச் செய்து அதற்குள் வைத்துக் கடத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையை ரசித்துச் சொல்லாத பிரெஞ்சுக்காரரே இல்லை.

1869 தேர்தலில் முதலில் ஜூல் ஃபாவ்ரிடம் தோற்றார். நவம்பரில் இடைத்தேர்தல். கம்பெத்தா காலி செய்த பாரிஸ் தொகுதி, பெல்வில் தொழிலாளர் பக்கம். பிரசாரத்துக்கு எல்லை தாண்டியவரைக் கைது செய்து, பேரரசர் சொன்னதன்பேரில் விட்டுவிட்டார்கள். ஜெயித்தார்.

சபைக்குப் போனதும் செய்த காரியத்தைப் பாருங்கள். தொடக்க விழாவில் இவர் பெயரை வாசித்தபோது பேரரசர் சிரித்துவிட்டார். இவர் சபையில் எழுந்து, நான் எவ்வளவுதான் கேலிக்கு உரியவனாக இருந்தாலும், தோளில் கழுகும் தொப்பியில் பன்றிக்கொழுப்புத் துண்டுமாக பூலோஞ் கடற்கரையில் உலாத்திய கனவானைவிட மோசமில்லை என்றார். 1840-இல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்க பூலோஞ்சில் வந்து இறங்கிக் கேவலப்பட்டாரே, அந்தக் கதை. கழுகு தலைக்கு மேலேயே வட்டமிட வேண்டும் என்பதற்காகத் தொப்பியில் கொழுப்பு வைத்திருந்தார் என்று ஊரெல்லாம் பேச்சு.

சபையில் அவர் பேசியதில் இன்றும் ஞாபகம் வைத்திருப்பது இந்த ஒரு வரியைத்தான். மசோதா, திருத்தம், குழு இவற்றில் எல்லாம் மனிதருக்கு ஆர்வமே கிடையாது.

பிப்ரவரி 13

விக்டர் நுவார் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1869 டிசம்பரில் ரோஷ்ஃபோர் ‘மார்செயேஸ்’ என்ற நாளிதழைத் தொடங்கினார். கோர்சிகாப் பத்திரிகை ஒன்றோடு நடந்த சண்டையில் பேரரசரின் உறவினர் இளவரசர் பியேர் போனபார்ட் வாயை விட்டு, ரோஷ்ஃபோருக்கே சவால் கடிதம் அனுப்பினார். அதே சமயம் ரோஷ்ஃபோரின் சக ஆசிரியர் பஸ்கால் குரூசே தன் பங்குக்கு இளவரசரைச் சண்டைக்கு அழைக்க இரண்டு பேரை அனுப்பிவைத்தார். 1870 ஜனவரி 10. ஓத்தேய் வீட்டில் இளவரசர் எதிர்பார்த்தது ரோஷ்ஃபோரின் ஆட்களை. வந்தது குரூசேயின் ஆட்கள். வார்த்தை முற்றி, இளவரசர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். அவர்களில் ஒருவரான விக்டர் நுவார் செத்தார். 21 வயது. இவான் சல்மோன் என்பது சொந்தப் பெயர், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மறுநாள் பத்திரிகையில் ரோஷ்ஃபோர்: ஒரு போனபார்ட் கொலைகாரனைத் தவிர வேறு ஏதாவதாகவும் இருக்க முடியும் என்று நம்புகிற பலவீனம் எனக்கு இருந்தது. இது கேலி இல்லை. மனிதர் நகைச்சுவையை விட்டுவிட்டு எழுதியதில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

12-ஆம் தேதி நெய்யி ஊரில் சவ ஊர்வலம். லட்சம் பேருக்குமேல். குஸ்தாவ் ஃப்ளூரான்ஸ் போன்றவர்கள் பிணத்தைப் பாரிஸுக்குள் எடுத்துப்போய் அப்படியே அரசைக் கவிழ்க்க வேண்டும் என்றார்கள். வழியில் ராணுவம் நிற்கிறது. ரோஷ்ஃபோரும் தெலெக்ளூஸும் நெய்யி மயானத்துக்கே போகலாம் என்று கூட்டத்தைத் திருப்பினார்கள். இடையில் ரோஷ்ஃபோர் மயங்கி விழுந்தார்.

இந்த மயக்கத்தை வைத்து அந்தக் காலத்திலேயே கோழை என்றார்கள், இங்கேயும் ஒருவர் அதையே எழுதியிருக்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை. கையில் ஒன்றும் இல்லாத லட்சம் பேரைத் துப்பாக்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதது அவர் வாழ்க்கையில் செய்த பொறுப்பான காரியங்களில் ஒன்று. இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை.

முடிவு: இளவரசரை தூர் நகரத்தில் நடந்த உயர் நீதிமன்ற விசாரணையில் விடுதலை செய்தார்கள், குடும்பத்துக்கு 25,000 ஃபிராங்க் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிய குற்றத்துக்கு ரோஷ்ஃபோருக்கு ஆறு மாதம் ஜெயில். சுட்டவன் வீட்டில், எழுதியவன் உள்ளே.

பிப்ரவரி 14

பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது அதே விக்டர் நுவாரா என்று கேட்டவருக்கு: அதே ஆள்தான். 1891-இல் அஸ்தியை அங்கே மாற்றினார்கள், தாலூ வார்த்த வெண்கல உருவம் மல்லாந்து கிடக்கும், தொப்பி கழன்று பக்கத்தில். பெண்கள் தடவினால் குழந்தை பிறக்கும், மாப்பிள்ளை கிடைப்பான் என்று பின்னாளில் ஒரு நம்பிக்கை கிளம்பி, உதடும் காலணி நுனியும் இன்னொரு இடமும் மட்டும் பளபளவென்று மின்னும். சொந்தக்காரர்கள் வந்தால் ஈஃபெல் கோபுரத்துக்கு அப்புறம் அங்கேதான் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். என் அத்தை “இது என்ன சாமி?” என்று கேட்டார். பத்திரிகைக்காரர் என்றேன். “பத்திரிகைக்காரருக்கா இவ்வளவு மரியாதை?” என்றார்.

பிப்ரவரி 17

1870 செப்டம்பர் 4. பிரஷ்யாவோடு நடந்த சேதான் போரில் பேரரசர் பிடிபட்ட செய்தி வந்ததும் பாரிஸ் கூட்டம் செயின்ட்-பெலாஜி சிறையைத் திறந்து ரோஷ்ஃபோரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. காலையில் கைதி, மாலையில் தேசப் பாதுகாப்பு அரசாங்கத்தில் உறுப்பினர். வெளியே விட்டுவைத்தால் தொல்லை, அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்பதுதான் மற்றவர்களின் கணக்கு. தடுப்பரண் குழுவுக்குத் தலைவராகப் போட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் ராஜினாமா.

1871 பிப்ரவரியில் பாரிஸ் மறுபடி தேர்ந்தெடுத்தது. அல்சாஸையும் லொரேனையும் ஜெர்மனிக்குக் கொடுக்கும் சமாதானத்தைச் சபை ஏற்றதும் அதையும் ராஜினாமா செய்தார்.

இதற்குப் பின்னால் 1885-லும் ஜெயித்தார். அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு கொடுக்கச் சபை மறுத்ததும் 1886 பிப்ரவரியில் அதையும் விட்டார். ஜெயிப்பார், உட்காரமாட்டார். மந்திரி பதவிக்குத் தவம் கிடக்கும் ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்தேன். இப்போது எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது: உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு, யார் கட்டுவது என்று கணக்கு எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு அது எப்படிப்பட்ட நரகம் என்று எனக்குத் தெரியும்.

1871-இல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த நகர அரசான பாரிஸ் கம்யூனில் இவர் உறுப்பினர் இல்லை. இதைத் தவறாகப் பல இடத்தில் எழுதுகிறார்கள். ‘மோ தோர்த்ர்’ என்ற பத்திரிகை நடத்திக்கொண்டு வெர்சாயில் இருந்த தியேரின் அரசையும் அடித்தார், கம்யூனையும் அடித்தார். தியேரின் வீட்டைப் பற்றி இவர் எழுதினார், கம்யூன் மே மாதம் அந்த வீட்டை இடித்தது. பாரிஸ் விழும் முன் நழுவப் பார்த்து மோ நகரில் மாட்டிக்கொண்டார். ராணுவ நீதிமன்றத்தில் அந்த வீட்டு விவகாரமும் வந்தது. கோட்டைக்குள் வைக்கும் நாடுகடத்தல் தண்டனை.

பிப்ரவரி 19

ஹ்யூகோ பரிந்து பேசியதில் கொஞ்ச காலம் ஃபோர் புவாயார், செயின்ட்-மார்த்தன் என்று பிரான்சுக் கரையோரக் கோட்டைகளிலேயே வைத்திருந்தார்கள். 1872-இல் தன் பிள்ளைகளின் தாய் சாகக் கிடந்தபோது அவரை மணந்துகொள்ள மட்டும் வெர்சாய்க்குக் கொண்டுவந்தார்கள், பிள்ளைகளுக்குச் சட்டப்படி பெயர் வேண்டும் என்பதற்காக. 1873-இல் தியேர் பதவி இழந்தார், மக்-மஹோன் வந்தார். சலுகை முடிந்தது. ஆகஸ்டில் ‘விர்ஜினி’ கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

நான்கு மாதப் பயணம். வழியெல்லாம் மனிதருக்குக் கடல் நோய். அதே கப்பலில், கம்யூனில் போராடித் தண்டனை பெற்ற லூயிஸ் மிஷேல் என்ற பெண். குளிரில் அவர் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, நேரே கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரிந்து, கப்பல் தலைவர் ஒரு ஜோடி செருப்பை ரோஷ்ஃபோர் மூலம் கொடுத்தனுப்பினார். லூயிஸ் அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பசிபிக் கடலில் பிரான்சின் தண்டனைத் தீவான நியூ கலிடோனியாவில் தூக்கோ தீபகற்பம். 1874 மார்ச் 19 இரவு ஆறு பேர் தப்பினார்கள்: ரோஷ்ஃபோர், குரூசே, ஒலிவியே பான், ஜூர்த், பலியேர், கிராந்தில். தீபகற்பத்தில் இருந்த மூன்று பேரும் இருட்டில் நீந்திப்போய் ஒரு பாறையில் ஏறி நின்றார்கள். நூமியாவிலிருந்த மூன்று பேர் படகில் வந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படகு கிராந்தில் வேலை பார்த்த கடை முதலாளியுடையது. துறைமுகத்தில் ‘பி.சி.இ.’ என்ற ஆங்கிலேயக் கப்பல். அதன் தலைவர் டேவிட் லா, பேசிய தொகை 10,000 ஃபிராங்க். ஒரு வாரத்தில் ஆஸ்திரேலியாவில் நியூகாசில். அங்கிருந்து ஃபிஜி, ஹொனலூலு, சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், லண்டன் என்று உலகைப் பாதி சுற்றிக்கொண்டு வந்தார்.

தப்பிய கதையைச் சொல்பவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை. தீவில் நாலாயிரம் பேருக்கு மேல் மிச்சம் இருந்தார்கள். ஆளுநரை மாற்றினார்கள், விசாரணைக்கு அட்மிரல் ரிபூர் வந்தார், கைதிகள் மேல் கெடுபிடி ஏறியது. ஆறு பேர் போனதற்கு அவர்கள் கட்டிய வட்டி அது. தப்பியது தப்பு என்று சொல்ல வரவில்லை. நானாக இருந்தாலும் அந்தப் பாறைக்கு நீந்தியிருப்பேன், நீச்சல் தெரிந்திருந்தால்.

பிப்ரவரி 20

படத்தைப் பற்றி. மனே வரைந்தது 1880-81 வாக்கில், மன்னிப்பு கிடைத்து ரோஷ்ஃபோர் திரும்பிய பிறகு. இரண்டு உண்டு. ஓர்சேயில் இருப்பது சின்னது, படகு தூரத்தில், ஆட்களின் முகமே தெரியாது, பச்சையும் நீலமுமாக அலைதான் படம் முழுக்க. சூரிச்சில் இருப்பது பெரியது, கிட்டத்தில். சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பது ரோஷ்ஃபோர் என்று தெரியும்.

தனியாக ஒரு உருவப்படமும் 1881-இல் வரைந்தார், அது ஹாம்பர்க்கில். அம்மைத் தழும்பு முகம், நெற்றிக்கு மேல் நட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பிரசித்தமான முடிக்கொத்து, கையைக் கட்டிய நிலை. ரோஷ்ஃபோருக்குப் பிடிக்கவில்லை. ஊரையே கேலிச்சித்திரமாக வரைந்தவருக்குத் தன் முகத்தை உள்ளபடி பார்க்கப் பொறுக்கவில்லை.

பிப்ரவரி 24

1880 ஜூலை 12, பாரிஸ் திரும்பினார். ரயில் நிலையத்திலிருந்து கூட்டம் நகரவிடவில்லை. இரண்டே நாளில் ‘ஆந்த்ரான்சிஷான்’ நாளிதழ், ஐந்து சாந்தீம். இனி சாகும்வரைக்கும் அவருக்குப் பத்திரிகைதான் நாடாளுமன்றம்.

வழக்கமாக எல்லோரும் இங்கிருந்து நேராக புலான்ஷேவுக்குத் தாவுவார்கள். நான் நடுவில் 1881-ஐ நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். துனிசியாவை பிரான்ஸ் பிடித்தது கடன் பத்திர வியாபாரிகளுக்காகத்தான் என்று எழுதி, அங்கே பிரெஞ்சுப் பிரதிநிதியாக இருந்த ரூஸ்தானை நேரடியாகக் குற்றம் சாட்டினார். ரூஸ்தான் அவதூறு வழக்குப் போட்டார். ஜூரி ரோஷ்ஃபோரை விடுவித்தது. காலனியாதிக்க எதிர்ப்பு என்று பார்த்தால் பாராட்ட வேண்டிய காரியம், நானும் பாராட்டுகிறேன். ஆனால் அதிலிருந்து அவர் படித்த பாடம் என்ன? மேலே இருப்பவனைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பும், ஜூரியும் நம்பும். ஆதாரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஜெனரல் புலான்ஷே. குதிரையில் அழகாக வருவார், ஜெர்மனியைப் பழிவாங்குவேன் என்பார், கூட்டம் மயங்கும். நாடாளுமன்றத்தின் மேல் வெறுப்பில் இருந்த இடதுசாரிகளில் ஒரு பகுதி அவர் பின்னால் போனது, முன்னணியில் ரோஷ்ஃபோர். அதே ஜெனரலுக்கு மன்னராட்சி வேண்டும் என்கிற உசே சீமாட்டி முப்பது லட்சம் ஃபிராங்க் கொடுத்துக்கொண்டிருந்தார். 1889 ஜனவரி 27 அன்று பாரிஸில் ஜெயித்த இரவே ஜனாதிபதி மாளிகைக்குள் நுழையச் சொன்னார்கள், ஜெனரல் போகவில்லை. ஏப்ரலில் ஓடிவிட்டார். ரோஷ்ஃபோரும் லண்டன் போனார். இவர் அங்கே இருக்கும்போதே செனட் விசாரித்து மறுபடியும் கோட்டைச் சிறைத் தண்டனை எழுதியது. ஜெனரல் 1891-இல் தன் காதலியின் கல்லறை மேல் சுட்டுக்கொண்டு செத்தார். ரோஷ்ஃபோர் 1895 மன்னிப்பில்தான் திரும்பினார்.

அந்த வருடம் ஜனவரியில்தான் டிரேஃபஸின் பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்து, சாத்தான் தீவுக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தார்கள்.

மார்ச் 1

இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் தாமதமாக.

1897 நவம்பரில் ராணுவத் தலைமைத் தளபதி புவாதெஃப்ரின் அலுவலக அதிகாரி, போஃபன் த செயின்ட்-மோரெல், ரோஷ்ஃபோர் வீட்டுக்கே போய் டிரேஃபஸ்தான் குற்றவாளி என்று விளக்கம் கொடுத்துவிட்டு வந்தார். செய்தி வெளியே வந்து அவருக்கு முப்பது நாள் காவல் தண்டனை. நினைத்துப் பாருங்கள்: ராணுவ நீதிமன்றம் தீவுக்கு அனுப்பிய ஆள், அதே ராணுவத்தின் அதிகாரியை வீட்டில் உட்காரவைத்துக் கதை கேட்கிறார். டிசம்பரில் டிரேஃபஸ் ஜெர்மன் பேரரசருக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார் என்ற கதை ‘ஆந்த்ரான்சிஷா’னில் வந்தது. அப்படி ஒரு கடிதமே கிடையாது.

அடுத்த வருடம், டிரேஃபஸின் பக்கம் நின்ற அரசியல்வாதி யோசெஃப் ரைனாக்கை அவதூறு செய்ததற்காக ஐந்து நாள் செயின்ட்-பெலாஜி. பழைய நாள் மாதிரியே கூட்டம் கூடி வழியனுப்பியது. ஆனால் இந்த முறை கூட்டம் வேறு கூட்டம், கோஷம் வேறு கோஷம்.

மார்ச் 2

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் “அப்படியானால் நீங்கள் சொன்ன ‘மாறவே இல்லை’ சரிதானே” என்றார். பாதி.

1868-இன் கேலியையும் 1898-இன் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தேசிய நூலகம் பழைய இதழ்களைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். 1898 அக்டோபரில், டிரேஃபஸ் வழக்கை மறுபடி பார்க்கப் போகும் மேல் நீதிமன்ற நீதிபதிகளை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரை. கத்தரிக்கோலால் இமைகளை வெட்ட வேண்டும், கொட்டைத் தோட்டுக்குள் விஷச் சிலந்திகளை வைத்துக் கண் மேல் கட்ட வேண்டும். இப்படிப் போகிறது. அதுவும் அந்தப் பழைய துள்ளலான நடையில்தான் போகிறது. பாரீயின் சிலையைப் பற்றிய வரியில் பேரரசருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஊர் சிரித்தது, அவ்வளவுதான். இதில் சிரிப்பு எங்கே வர வேண்டும் என்று தேடினேன், வெட்டுகிற இடத்தில் வர வேண்டுமாம்.

யூத வெறுப்பு அவருக்கு எங்கிருந்தோ திடீரென்று வந்ததல்ல. பணக்காரன், வங்கிக்காரன், கடன் பத்திரக்காரன் என்று அந்தக் காலத்து இடதுசாரிகளிலேயே பலர் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயர் யூதன். துனிசியா வழக்கின் நாற்றமே அதுதான். ‘மேலே இருப்பவனை அடிக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டே, தீவில் கட்டிலோடு விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்த ஒரு கேப்டனை அடிக்க முடிந்தது எப்படி என்றால் இப்படித்தான். அவர் கண்ணுக்கு டிரேஃபஸ் கைதியாகத் தெரியவே இல்லை. பின்னால் பெரிய பணக்காரக் கூட்டம் நிற்கிறது, அதன் கையாள் இவன், அவ்வளவுதான் தெரிந்தது. தூக்கோவில் மணலில் நடந்தவருக்கு இது தெரியவில்லை என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் மாறவில்லை என்பதை வைத்துக்கொள்கிறேன், அது அவருக்குச் சாதகமான வாக்கியம் இல்லை.

மார்ச் 3

“லூயிஸ் மிஷேலும் அவரோடு சேர்ந்து போனாரா?” இல்லை. ஆனால் நட்பு விட்டுப்போகவில்லை. ரோஷ்ஃபோர் அவருக்குப் பல வருடம் பண உதவி செய்தார், அவரும் அதைக் கையில் வாங்கியதும் ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். செருப்பு விஷயம் மாதிரியேதான். ரோஷ்ஃபோரின் நல்ல பக்கத்தைக் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதை.

மார்ச் 5

கடைசி ஆண்டுகள்: 1907-இல் ‘ஆந்த்ரான்சிஷா’னை விட்டார், ‘பத்ரீ’ என்ற தேசியவாதப் பத்திரிகையில் எழுதினார். 1906-லேயே டிரேஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிட்டது. அது இவருடைய எழுத்தில் ஒரு அசைவையும் உண்டாக்கவில்லை. 1913-இல் எக்ஸ்-லே-பேனில் 82 வயதில் இறந்தார்.

அப்படியென்றால் பத்திரிகையும் அரசியலும் சேர்ந்தால் இப்படித்தான் முடியுமா, க்ளெமான்சோ என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறார் முதல் கேள்வி கேட்ட தம்பியே. டிரேஃபஸுக்காக எழுத்தாளர் ஸோலா எழுதிய கடிதத்துக்கு ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்று தலைப்பு வைத்தவர் க்ளெமான்சோ. அந்த விஷயத்தில் ரோஷ்ஃபோருக்கு நேர் எதிர்ப்பக்கம். அவர் உட்கார்ந்தார், 1906-இல் பிரதமரானார், உட்கார்ந்ததும் வேலைநிறுத்தக்காரர்கள் மேல் ராணுவத்தை அனுப்பினார். இங்கே இதற்குமேல் நீட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். அவருக்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து சண்டை போடுகிறேன்.